வேறு தாளில் ஓடிய ரயில்

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துப் பாசஞ்சர், கேட் பாதியில் சிக்கிக்கொண்டதால் தண்டவாளத்தின் நடுவே மாட்டிக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸுக்குள் ஒரு பக்கமாக நுழைந்து மறுபக்கமாக வெளியே வந்து, பஸ்ஸுக்கும் ஒன்றும் ஆகாமல் ரயிலுக்கும் ஒன்றும் ஆகாமல், எப்போதும்போல ஒரு நீண்ட ஊதல் ஊதிவிட்டு உப்பளப் பக்கத்து வளைவில் திரும்பிப் போன அன்று, பஸ்ஸில் இருந்தவர்கள் கண்ணைத் திறந்ததும் முதலில் செய்த காரியம் அவரவர் டிக்கெட்டைத் தேடியதுதான். ஒரே நேரத்தில் இரண்டு வண்டியில் போயிருக்கிறோமே, இரண்டுக்கும் டிக்கெட் கேட்பார்களோ என்று கொம்மடிக்குளத்துக்காரர்களுக்குப் பயம்.

பஸ்ஸுக்குள் புளியோதரை வாசம் அடித்தது. பஸ்ஸில் யாரும் புளியோதரை கொண்டுவந்திருக்கவில்லை. பெண்கள் சீட்டில் இருந்த பேச்சி அக்கா, எங்கள் பக்கத்து வீட்டில் ஆடு வளர்ப்பவள், மகனுக்கு மதுரையில் இன்டர்வியூ என்று நெஞ்சு படபடக்க வீட்டுக்கு வந்தாள். வந்த பிறகுதான் தனக்கு மகனே கிடையாது, இரண்டும் பெண்கள் என்பது ஞாபகம் வந்தது. ஆனாலும் அவள் அந்தக் கவலையைக் கீழே போட்டுவிடவில்லை. "எவ பெத்த பிள்ளையோ, வேல கெடச்சிரட்டும்" என்று அம்மன் கோயிலில் விளக்குப் போட்டாள்.

அந்த ரயிலை ஓட்டி வந்தவர் என் வீட்டுக்காரர் இன்பராஜ். அவர் பிரேக்கைப் பிடித்த கையை வீட்டுக்கு வந்த பிறகும் விரிக்கவில்லை. சோற்றுத் தட்டுக்கு முன்னால் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "அமலி, பஸ்ஸுல முன் சீட்ல ஒரு பொம்பள பிள்ளைய மடியில வச்சிருந்தா. என் எஞ்சின் அந்தப் பிள்ளைக்குள்ள போச்சு" என்றார். "ஒண்ணும் ஆகலைல்லா?" என்றேன். "ஒண்ணும் ஆகல. அதான் பயமா இருக்கு" என்றார்.

ஊருக்குப் பயமில்லை. ஊர் முதல் வாரம் கற்பூரம் காட்டியது, இரண்டாவது வாரம் பழகிக்கொண்டது, மூன்றாவது வாரத்தில் இருந்து அதைத் தன் உரிமை என்று நினைக்க ஆரம்பித்தது. எங்கள் ஊரில் கடைத்தெருவும் கோயிலும் உப்பு ஆபீஸும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம். மேம்பாலத்துக்கு என்று நட்ட தூண்கள் காக்கைகளுக்கு மட்டும் பயன்பட்டுக்கொண்டு வருஷக்கணக்காக வெயிலில் நிற்கின்றன. ஆகவே பிறந்ததில் இருந்து கேட்டில் நின்று நின்று கால் கடுத்துப்போன ஜனம், இனி நிற்க வேண்டியதில்லை என்று ஆனதும், ரயில் வருகிற சத்தம் கேட்டால் நடையை எட்டிப் போடவும் இல்லை, குறைக்கவும் இல்லை, குடையைக்கூடச் சாய்க்காமல் ரயிலுக்குள் நுழைந்து வெளியேறி, வெண்டைக்காய் விலை பேசிக்கொண்டே போனது. வெயில் காலத்தில் ஏசி கோச்சு வருகிற எக்ஸ்பிரஸுக்காகக் காத்திருந்து அதற்குள் நடந்து குளிர்ச்சி வாங்கிக்கொண்டார்கள். கல்யாணமாகாத பையன்கள் லேடீஸ் கோச்சு எந்த இடத்தில் வரும் என்று கணக்குப் போட்டு நின்றார்கள். ரயிலுக்குள் இருந்தவர்களின் கவலையும் சந்தோஷமும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்ததால், டீக்கடை வாசலில் தினம் புதுக் கதை கிடைத்தது. "எனக்கு இன்னிக்கு ஒரு மலையாளத்தான் கெடச்சாம்ல. மாமியா வீட்டுக்குப் போறான், அவ்வளவு எரிச்சல்!" என்று ஒருத்தர் சொல்வார். "எனக்குக் கெடச்சது ஒரு மூல வியாதிக்காரன், உக்கார முடியல" என்று அடுத்தவர் சொல்வார். சிரிப்பார்கள்.

கேட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, மாலை போட்டு, மேளம் அடித்துக் கழற்றினார்கள். கேட் கீப்பர் முப்பிடாதிக்கு மட்டும் வேலை போகவில்லை, ஏனென்றால் அந்த வேலையை எடுத்துவிடுவதற்கான உத்தரவு இன்னும் வரவில்லை. அவர் தினமும் வந்து, ரயில் வருகிற நேரத்துக்குச் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதுவார். ஜனம் அவருக்குள்ளும் நடந்து போகாததுதான் பாக்கி.

"முப்பிடாதி அண்ணாச்சி, யாருக்கு ஊதுதீய?" என்று கேட்டால், "காத்துக்கு ஊதுதேன், போவீயளா" என்பார்.

எங்கள் மகள் ஷைனிக்கு அப்போது நாலு வயது. யு.கே.ஜி. பள்ளிக்கூட ஆட்டோ ஓட்டும் சுப்பையா, பிள்ளைகள் கூச்சல் போட்டுக் கேட்டதால், பாசஞ்சர் வருகிற நேரம் பார்த்துத்தான் ஆட்டோவைத் தண்டவாளத்துக்கு ஓட்டிக்கொண்டு வருவார். எங்கள் குவார்ட்டர்ஸ் மாடி ஜன்னலில் நின்றால் கேட் தெரியும். என் புருஷன் ஓட்டும் ரயில் என் மகள் இருக்கும் ஆட்டோவுக்குள் புகுவதை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். கான்வென்ட்டில் எங்களுக்குப் படுக்கும் முன் மனச்சாட்சியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் அதற்குப் பதிலாக கேஸ் அடுப்பை அணைத்தேனா, தாழ்ப்பாள் போட்டேனா, பிள்ளை மூச்சு விடுகிறதா என்று சோதித்துப் பார்க்கிறவள். இப்படிப்பட்டவளுக்கு அந்த ஜன்னல்.

மற்றவர்கள் கொண்டுவந்ததைப் பற்றியே பேசினார்களே தவிர, கொடுத்துவிட்டு வந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. எதைக் கொடுத்தோம் என்பதே கொடுத்தவர்களுக்கு மறந்துபோயிருந்ததால் எப்படிப் பேச முடியும்? பேச்சி அக்காவுக்குச் செத்துப்போன தங்கச்சியின் முகம் இல்லாமல் போயிருந்தது. கணக்கு டீச்சர் பதினேழாம் வாய்ப்பாட்டைக் கரும்பலகைக்கு முன்னால் நின்று தேடினார். பூக்காரர் மாசானத்துக்குச் சீட்டி அடிக்கத் தெரியும், ஊருக்கே தெரியும், ஒரு நாள் உதட்டைக் குவித்தார், வெறும் காற்று வந்தது, "நான் எப்பவாவது சீட்டி அடிச்சிருக்கனா?" என்று நிஜமாகவே கேட்டார்.

ஷைனி முதலில் தண்ணீரைப் "பானி" என்றாள். நான் சிரித்தேன். பிறகு சீப்பு வேண்டும் என்று அழுதாள், கூடை நிறையச் சீப்பு வேண்டும் என்றாள். பாசஞ்சரில் சீப்பும் ஊக்கும் ரிப்பனும் விற்றுக்கொண்டு தினம் போய்வரும் ஒரு வடநாட்டுப் பெண் உண்டு, அவளோடு ஷைனி வயதில் ஒரு பெண் குழந்தையும் வரும் என்று இன்பராஜ் சொன்னார். ஆட்டோ எப்போதும் அதே நேரத்தில் வந்ததால், தினமும் அந்தக் குழந்தை இருக்கும் இடம்தான் ஷைனி மேல் கடந்து போயிருக்கிறது. பிறகு ஷைனி தூக்கத்தில், வடநாட்டுப் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிடுவதுபோல, "மையா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை, நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டு இருக்கிறேன், என் முந்தானையைத் தொட்டு, கடைக்காரரிடம் கேட்பதுபோல ரொம்ப மரியாதையாக, "ஆன்ட்டி, பசிக்குது" என்றாள்.

"ஏட்டி, யாரு ஆன்ட்டி? அம்மா சொல்லு."

அவள் என் வாயையே பார்த்தாள். அந்தச் சொல்லை நான் சொல்லும்போது என் உதடு போகிற மாதிரி தன் உதட்டைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பாசஞ்சர் ஊதல் கேட்டதும் அவள் கதவைப் போட்டு அடித்தாள். அடுத்த நாள் தாழ்ப்பாளுக்கு எட்டும்படி முக்காலி போட்டுக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர் ரங்கசாமி சாரிடம் இருந்து போன் வந்தது. கம்ப்யூட்டரில் வரைவதற்குப் படித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தபடியே, பொம்மை ரயில் ஓட்டுகிற பெரியவர்களுக்குத் தண்டவாளப் பாதை வரைந்து கொடுப்பது என் தொழில். அதற்கென்றே ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. எந்த இடத்தில் எத்தனை நீளத் தண்டவாளம், எந்த வளைவு, எங்கே பாதை பிரிகிறது, எல்லாம் அதில் போட்டு, ரயிலை ஓடவிட்டும் பார்க்கலாம். ரங்கசாமி சார் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருப்பவர், பட்டறை மாடியில் ஒரு ஹால் முழுக்க ரயில் விடப் போகிறார். "ஊர் எதுன்னாலும் போடுங்க அம்மிணி, கேட் மட்டும் கண்டிப்பா வேணுமுங்க. ரயிலு போறப்ப பஸ்ஸு நிக்கோணும், அதப் பாக்கறதுதான் எனக்கு ஆசை" என்று சொல்லியிருந்தார். எனக்கு அளவு தெரிந்த ஊர் கொம்மடிக்குளம்தான். கேட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று, அதையே முதலில் வரைந்து அனுப்பியிருந்தேன்.

"அம்மிணி, ஒரு சின்ன சமாச்சாரமுங்க. ஓடவிட்டுப் பாத்தனுங்க. உங்கூரு ரயிலு பஸ்ஸுக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போகுதுங்க!" அவர் சிரித்தார். "என்ற பேரன் விழுந்து விழுந்து சிரிக்கறானுங்க. சரி பண்ணிக் குடுத்துருங்க, ஒண்ணும் அவசரமில்லீங்."

படத்தைத் திறந்து ஓடவிட்டேன். திரையில் விரல்நுனி அளவு பாசஞ்சர், நகக்கண் அளவு டவுன் பஸ்ஸுக்குள் நுழைந்து வெளியே வந்தது. படத்தைக் கடைசியாகச் சேமித்த தேதியைப் பார்த்தேன். பேச்சி அக்கா இல்லாத மகனுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு வீடு வந்த அதே நாள், அதே நேரம்.

ரோடும் தண்டவாளமும் சேரும் இடத்தில் கேட் துண்டை வைக்கப் பார்த்தேன். 'இந்த இடத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் பாதைகள் இல்லை' என்று சாப்ட்வேர் சொன்னது. கண்ணுக்கு முன்னால் குறுக்கே கிடக்கிறது, இல்லை என்கிறது. தண்டவாளத்தை அழித்துத் திரும்பப் போட்டேன். கோணத்தைக் கொஞ்சம் திருப்பினேன். துண்டுகளின் முனைகள் முட்டவில்லையோ என்று பெரிதாக்கி, பெரிதாக்கி, மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் ஒட்டவைத்தேன். சாப்ட்வேரையே நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில். ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு தடவையும் அதே ரயில், அதே ஜனம்.

கடைசியில் இந்த சாப்ட்வேர்க்காரர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் கேட்டேன். பனி பெய்கிற ஏதோ தேசத்தில் இருந்து ஒருத்தர் ஒரே வரி எழுதினார்: இரண்டும் ஒரே லேயரில் இருக்கின்றனவா?

இல்லை. லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்று வைத்த கண்ணாடித் தாள் மாதிரி. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே படமாகத் தெரியும், ஆனால் ஒரு தாளில் இருப்பதற்கு அடுத்த தாளில் இருப்பது தெரியாது. கான்வென்ட்டில் எம்பிராய்டரி வகுப்பில் சிஸ்டர் பெர்னதெத் கொடியை ஒரு எண்ணெய்த் தாளிலும் பூவை இன்னொரு எண்ணெய்த் தாளிலும் வரையச் சொல்வார். பூவை அழிக்கும்போது கொடிக்கு ஒன்றும் ஆகக்கூடாது பாருங்கள். அந்தப் பழக்கத்தில் நான் ரோட்டை ஒரு தாளிலும் ரயிலை இன்னொரு தாளிலும் போட்டிருந்தேன். ரோட்டை அழித்தால் ரயிலுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ரயில் வந்தால் ரோட்டுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

'லேயர்களைச் சேர்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை நான் அழுத்தவில்லை. முதலில் கடைத்தெரு கேட்டை விட்டுவிட்டு, உப்பு ஆபீஸுக்குப் பிரிந்து போகும் ஒற்றைத் தண்டவாளத்தை மட்டும், ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்பதால், ரோடு இருக்கும் தாளுக்கு மாற்றினேன்.

மறுநாள் சாயந்தரம் பேச்சி அக்கா தெருவில் உட்கார்ந்து அழுதாள். அவள் கிடா, எப்போதும்போல உப்பு ரயிலுக்குள் நடந்து மறுபக்கம் மேயப் போனது, போய்ச் சேரவில்லை, அடிபட்டுச் செத்தது. ஊர் கூடி நின்று பார்த்தது. "அந்தக் கிடா சரியில்லாத கிடாக்கா, போன மாசமே என் வேட்டிய தின்னுச்சு" என்றார் மாசானம். ரயில் தன் குணத்துக்குத் திரும்பியிருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அன்று உப்பு ரயிலை ஓட்டியவரும் இன்பராஜ்தான். வீட்டுக்கு வந்தவர் நேராக அடுக்களைக்கு வந்து, விரிக்காமல் வைத்திருந்த கையை விரித்து என் தோளில் வைத்தார். "இடிச்சுது அமலி. சத்தம் கேட்டுது. கையில தெரிஞ்சுது." அழுதார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பாமல் இருப்பார் என்று நினைத்தேன். "ஒரு பொத்தான்தானா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு பொத்தான்தான். ஆனால் அதை அழுத்துகிற நேரத்தில் ரயிலுக்குள் யார் நடந்துகொண்டிருந்தாலும் அவர்கள் கதி அந்தக் கிடாவின் கதிதான். அழுத்திய பிறகும், அடுத்த ரயில் வரும்போது ஒருவரும் நிற்கப்போவதில்லை. நிற்பதை ஊர் மறந்துவிட்டது. நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "கேட்ட திரும்பப் போடச் சொல்லுதியா? ஒம் புருஷனுக்கு ஊதல் அடிச்சு அடிச்சு கை வலிக்குதோ?" என்றார்கள். ஆட்டோ சுப்பையா, "டீச்சரம்மா மாதிரி பயமுறுத்தாதீய" என்றார். நான் டீச்சர் இல்லை. முப்பிடாதி மட்டும் முழுதாகக் கேட்டார். "கேட்டக் கொண்டுபோயிட்டாவளே தாயி. கொடி இருக்கு, விசில் இருக்கு. இத வச்சி நான் யார நிறுத்த?"

பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். ஷைனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பாசஞ்சர் வரும்போது நானே ரயிலுக்குள் போனேன். போனது திரும்பக் கிடைக்குமா என்று பார்க்க. முகங்கள் வந்தன, என் முகத்துக்குள் நுழைந்து போயின. ஒருத்தரின் பல்வலி, ஒருத்தரின் புதுச் செருப்பின் சந்தோஷம், யாருடையதோ தெரியாத பெரிய துக்கம் ஒன்று. பிறகு சீப்புக் கூடை வந்தது. கூடைக்குப் பக்கத்தில் அந்தக் குழந்தை, மூக்கு ஒழுகிக்கொண்டு, எண்ணெய் காணாத செம்பட்டைத் தலையோடு, என்னை நேராகப் பார்த்து, என் மகளின் குரலில், என் மகள் இழுக்கிற அதே இழுப்போடு, "அம்மா" என்றது. அடுத்த கணம் ரயில் எங்களைத் தாண்டிவிட்டது. இடுப்பில் இருந்த ஷைனி திரும்பிப் பார்த்து, "மையா!" என்று கையை நீட்டினாள்.

அன்று இன்பராஜ், "இன்னும் ஒரு தடவ கூட்டிட்டுப் போவமா? பத்துத் தடவ போனா ஒரு தடவ திரும்ப வராதா?" என்று கேட்டார்.

"வராட்டா? மிச்சம் இருக்கதும் போயிட்டா? நாளைக்கு அந்த ரயிலுக்குள்ளயே நின்னுட்டான்னா?"

பிறகு நாங்கள் பேசி முடிவு செய்தோம். அவர் பாசஞ்சரை ரோட்டுக்கு முன்னாலேயே, எஞ்சின் மூக்கு ரோட்டு ஓரத்தைத் தொடும்படி நிறுத்திவிட வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் நிறுத்தினால் மெமோ வரும், வரட்டும். ரயில் நிற்கிறது, ரோட்டில் ரயிலுக்குள் யாரும் இல்லை, அப்போது நான் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியதும் ஜன்னலில் என் சிவப்புச் சேலையைத் தொங்கவிட வேண்டும். அதைப் பார்த்து அவர் ரயிலை நடை வேகத்தைவிட மெதுவாக நகர்த்துவார். முட்டுகிறவர்கள் முட்டிக்கொள்ளட்டும், மூக்கு வீங்கினால் வீங்கட்டும், உயிர் இருக்கும்.

குறித்த நாளில் நான் ஷைனியின் கவுனை என் முந்தானையோடு முடிந்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஊதல் கேட்டது. பிரேக்கின் கிறீச்சென்ற சத்தம் இரும்பு வாசத்தோடு மாடிவரை வந்தது. எஞ்சின் ரோட்டு ஓரத்தில் வந்து நின்றது. ஊரே ஆச்சரியமாக அதைப் பார்த்து நின்றது, ரயில் பஸ்ஸுக்குள் போனபோதுகூட அவர்கள் இவ்வளவு ஆச்சரியப்படவில்லை. அழுத்தும் முன் சேலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நான் கை நீட்டியபோது முந்தானை லேசாக இருந்தது. முடிச்சில் கவுன் மட்டும் இருந்தது.

ஜன்னலுக்குக் கீழே, ஜட்டியோடு, என் மகள் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். ஜனங்களின் கால்களுக்கு நடுவே புகுந்து, நிற்கிற ரயிலைப் பார்த்து, இன்று அது நின்றிருக்கிறது, இன்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்ற அவசரத்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். முப்பிடாதி விசிலை ஊதிக்கொண்டே பின்னால் ஓடினார். எஞ்சினுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி அகலம்கூட இல்லை. கத்தினால் கேட்காது, இறங்கி ஓடினால் எட்டாது. அவள் உள்ளே போன பிறகு அழுத்த முடியாது. இப்போது அழுத்தினால், அவளிடம் இருந்து போனதெல்லாம் அந்தப் பக்கத்துத் தாளிலேயே நின்றுவிடும்.

அழுத்தினேன்.

ஷைனி எஞ்சினில் முட்டிய சத்தம் மாடிக்குக் கேட்டது. இரும்பில் ஒரு சின்னத் தேங்காய் பட்ட மாதிரி. மல்லாந்து விழுந்தாள். நான் படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. போய் எடுத்தபோது நெற்றி புடைத்து, உயிரோடு, முழுசாக, தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தாள். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் கூப்பிட்டது என்னை இல்லை. "மையா, மையா" என்று கூப்பிட்டாள்.

நானே முந்தானையை உருவி சிவப்புக் கொடிக்குப் பதிலாக ஆட்டினேன். இன்பராஜ் ரயிலை ஊர்ந்து நகர்த்தினார். பேசிக்கொண்டே வந்தவர்கள் பேசிக்கொண்டே முட்டினார்கள். கணக்கு டீச்சரின் கண்ணாடி உடைந்தது. மாசானத்தின் மூக்கில் ரத்தம். "எவம்ல அது, ரயிலக் கெட்டியாக்குனது?" என்று ஒருத்தர் கத்தினார். அன்று ராத்திரியே ஊர் ஆட்கள் என் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். ஏசி குளிர்ச்சி போச்சே என்று ஒருத்தர், தினம் கிடைத்த கதை போச்சே என்று ஒருத்தர். முப்பிடாதி மறுநாள் ஒரு தாம்புக் கயிற்றைக் குறுக்கே கட்டினார். பிறகு, கொண்டுபோன கேட்டையே மேளம் இல்லாமல் கொண்டுவந்து மாட்டினார்கள். ஒரு மாதத்தில் ஊர் நிற்கப் பழகிவிட்டது. இப்போது கேட்டால், அப்படி ஒரு காலம் இருந்ததாகவே சிலர் சொல்வதில்லை. இன்பராஜுக்கு மெமோ வந்தது, விசாரணை நடக்கிறது, வீட்டில் இருக்கிறார். கையை விரித்துத் தூங்குகிறார்.

ஆனால் அந்த சாப்ட்வேரில் மேல் மூலையில் வளைந்த அம்பு ஒன்று உண்டு. செய்ததை இல்லாமல் ஆக்குகிற அம்பு. படத்தை மூடாதவரை அது வெளிச்சமாக இருக்கும். மூடிவிட்டால் ஒன்றாகிப்போன தாள்களைத் திரும்பப் பிரிக்க முடியாது. நான் மூடவில்லை. ரங்கசாமி சார் போன் செய்தால், "இன்னும் கொஞ்சம் சரி பண்ண வேண்டியிருக்கு சார்" என்றேன். கம்ப்யூட்டரை அணைக்காமல், கரண்ட் போகிற நேரமெல்லாம் யு.பி.எஸ்ஸின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் தூங்கிய பிறகு அந்த அம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை தொட்டால் போதும். ஒரு நாள் மட்டும் தாள்கள் பிரிந்திருக்கும். ஒரு நாள் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தேடிவிட்டு வருவேன். அந்த ஒரு நாள் ஊர் கேட்டில் நிற்கும், ஒன்றும் ஆகாது. அடுத்த நாள் சேர்த்துவிடுவேன். அடுத்த நாள் சேர்ப்பேனா? அம்மா என்ற சொல் அன்று கிடைக்காவிட்டால்?

ஷைனி என்னோடு நன்றாகத்தான் இருந்தாள். விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தாள். "ஆன்ட்டி, உங்க தோசை நல்லாருக்கு" என்பாள். தலை பின்னிவிட்டால் "தேங்க்ஸ்" என்பாள். நான் தினம் காலையில், கோபப்படாமல், என் பேர் அமலி என்றும், நீ என் வயிற்றில் இருந்தாய் என்றும் அவளுக்குச் சொல்வேன். கதை கேட்பதுபோலக் கேட்பாள்.

போன செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்தினார்கள். சாயந்தரம்தான் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். யு.பி.எஸ் கத்த ஆரம்பித்தது. அதன் பாட்டரி ஒரு பானை உலை கொதிக்கிற நேரம்கூடத் தாங்காது. ஒன்று அந்த அம்பைத் தொட வேண்டும், அல்லது சேமித்து மூட வேண்டும். நான் மவுஸின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஷைனி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, இது ஏன் அழுவுது?"

"பசிக்குதாம்."

"சோறு குடுங்க."

"இதுக்குச் சோறு இல்ல ஷைனி."

"அப்பம் தூங்க வையுங்க" என்றாள்.

தூரத்தில் காலைப் பாசஞ்சர் ஊதியது. அவள் கதவைப் பார்த்து ஓடுவாள் என்று என் உடம்பு தானாக எழுந்தது. அவள் ஓடவில்லை. என் ஆள்காட்டி விரலைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, "ரயில் வருது. கேட்டு போட்டுருவாவ. நாம நின்னுதான் போணும்" என்றாள்.

அந்த விரலால் சேமித்தேன். மூடினேன். யு.பி.எஸ் கத்துவதை நிறுத்தும்முன் நானே அதன் வாயை அடைத்தேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். முப்பிடாதி அண்ணாச்சி, "வாங்க தாயி, கம்பியத் தொடாம நில்லுங்க" என்றார். பேச்சி அக்கா புதுக் குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ரயில் வந்தது, கெட்டியாக, தூசியை எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டு, வேறு யாரோ ஓட்ட, தன் வழியில் போனது. சீப்புக் கூடை இருக்கிற ஜன்னல் வந்தது. கம்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்த அந்தச் செம்பட்டைத் தலைக் குழந்தை என்னைப் பார்த்ததும், "அம்மா!" என்று கத்தியது. அதன் பின்னால் அந்தப் பெண், கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு, என் கையைப் பிடித்து நிற்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் பார்வை தெரியும். நான் கண்ணாடியில் தினம் பார்ப்பது.

"ஆன்ட்டி, அந்தப் பாப்பா உங்களத்தான் கூப்பிடுது" என்றாள் ஷைனி.

நான் அந்தக் குழந்தைக்குக் கையை ஆட்டினேன். ஷைனி அந்தப் பெண்ணுக்குக் கையை ஆட்டினாள். கடைசிப் பெட்டி போய், முப்பிடாதி கேட்டைத் தூக்கும்வரை, ஒருத்தர் விரலை ஒருத்தர் விடாமல், நாங்கள் நின்றோம்.